நடுக்குளத்தில் நின்ற எருமை

மருதங்காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் விலங்குகளும் பறவைகளும் அதன் கரையில் கூடி ஆண்டவரைத் துதிக்கும். எலியேசர் என்ற கொக்குதான் அந்தச் சபைக்கு மூப்பர். வெள்ளை வெளேரென்று முன்னால் நின்று நீளமாக ஜெபம் பண்ணும். பிலேமோன் என்ற நரி பாட்டைத் தொடங்கி வைக்கும். லேயாள் என்ற எருமை எல்லாருக்கும் பின்னால் நிற்கும். அது வாயைத் திறந்தால் ராகம் எங்கோ போய்விடும். அதனால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. சித்திரை பிறந்தபோது குளம் வற்றி, நடுவில் சேறும் தண்ணீருமாக ஒரு குட்டைதான் மிஞ்சியது. மலைக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடியது. கால் உள்ளவை நடந்து போய்க் குடித்தன. சிறகு உள்ளவை பறந்து போய்க் குடித்தன. லேயாள் மட்டும் போகவில்லை. குட்டையின் நடுவில் போய் நின்றுகொண்டது. அதன்பிறகு சபைக்கும் வரவில்லை.

வெயில் தாங்காமல் அது சேற்றில் சொகுசாக இருக்கிறது என்று பிலேமோன் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது. ஒருநாள் ஆற்றுக்குப் போகச் சோம்பல்பட்டு, குட்டைக்கே வந்தது. லேயாள் கொம்பைத் தாழ்த்தி மறித்தது.

"ஒரு வாய் தண்ணீர்தானே கேட்கிறேன்" என்றது நரி.

"இது என் தண்ணீர் இல்லை, தம்பி. எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை" என்றது லேயாள்.

நரிக்குக் கோபம் பொங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் அது இந்தக் கதையைச் சபையில் சொன்னது. பன்றி உறுமியது. ஆற்றுக்கு நடந்து நடந்து தன் குட்டிகளின் கால் வெந்துபோனதாக முயல் அழுதது. இப்படிப்பட்ட சுயநலக்காரி நமக்கு வேண்டாம், சபையை விட்டு விலக்கிவிடலாம் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்றது எலியேசர். வெடித்துக் கிடந்த குளத்தில் இறங்கி எல்லாரும் நடந்தார்கள்.

கிட்டே போகும்போதே எலியேசருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. லேயாள் சேற்றில் படுத்திருக்கவில்லை. நான்கு கால்களையும் அகட்டி, ஒரு கூரையைப் போல நின்றுகொண்டிருந்தது. சேறு படாத முதுகு வெயிலில் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. பிளவுகளில் ரத்தம் உறைந்து ஈ மொய்த்தது. விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

பிலேமோன் எதையும் கவனிக்கவில்லை. நகரச் சொல்லித் தோளால் விலாவில் ஒரு முட்டு முட்டியது. ஒரு நரி முட்டி எருமை விழுமா? விழுந்தது. கால்கள் மடங்கி, சத்தமில்லாமல் பக்கவாட்டில் சரிந்தது.

அது நின்ற இடத்தில், குளம்பால் தோண்டிய ஆழமான குழி இருந்தது. அடியில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து தேங்கியிருந்தது. அதற்குள் ஒரு விரால் மீன். அதைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாக நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். கெளுத்தி, அயிரை, தவளைகள், இரண்டு ஆமைகள். அந்தக் குளத்தில் உயிரோடு மிஞ்சியதெல்லாம் அந்தக் குழிக்குள்தான் இருந்தது.

எலியேசரின் கழுத்து தானாக நீண்டது. அலகு திறந்தது. அதன் நிழல் தண்ணீரில் விழுந்ததும் குஞ்சுகள் சிதறி ஓடின. கொக்கு சட்டென்று பின்னால் போனது. சற்று முன்பு ஜெபம் பண்ணிய அதே வாய்!

"அம்மாவை ஏன் தள்ளினீர்கள்?" என்று விரால் மீன் கேட்டது. "ஒரு மாதமாக எங்களுக்கு நிழல் கொடுக்கிறாள். பருந்தை விரட்டுகிறாள். விடியற்காலையில் ஒரு மடக்கு குடிப்பாள். தண்ணீர் குறைந்ததும் இரண்டு நாளாக அதையும் விட்டுவிட்டாள்."

எலியேசர் எருமையின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தது. "ஏன் எங்களிடம் சொல்லவில்லை, சகோதரி?"

லேயாள் மெல்லக் கண்ணைத் திறந்தது. "யாரிடம் சொல்வது, மூப்பரே? இங்கே பாதிப் பேர் மீன் தின்கிறவர்கள்."

"உன்னைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் உன் காதில் விழுந்ததா?"

"விழுந்தது." கொஞ்சநேரம் மூச்சு வாங்கியபின் அது சொன்னது: "ஆண்டவர் நமக்காகத் தம்மையே கொடுத்தார் என்று வாராவாரம் பாடுவீர்கள். எனக்குப் பாட வராது. நிற்க வரும். அதனால் நின்றேன்."

உச்சிவேளைக்கு முன்பே அதன் மூச்சு நின்றுவிட்டது.

அழுவதற்கும் அவகாசம் இல்லை. குழியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எலியேசர் போய்க் குழியின்மேல் சிறகை விரித்தது. பிறகு நரியைக் கூப்பிட்டது. "தம்பி, என்னை நம்பாதே. என் கழுத்து குனிந்தால் கடித்துவிடு."

"அப்படியே நீங்களும் என் கண்ணைக் கொத்திவிடுங்கள்" என்றது பிலேமோன்.

பன்றி மண்ணைத் தள்ளி லேயாளை அடக்கம் செய்தது. முயல்கள் தழை இழுத்து வந்து பந்தல் போட்டன. கொக்கும் நரியும் ஒன்றையொன்று பார்த்தபடி சேர்ந்தே காவல் நின்றன. கொக்கு வெட்டுக்கிளிகளைத் தின்று பசியாறியது. நான்காம் நாள் பிலேமோனைக் காணவில்லை; பசி தாங்காமல் போய்விட்டது போலும். ஆறாம் நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் மழை கொட்டியது. தண்ணீர் குழியைத் தாண்டி, குட்டையைத் தாண்டி, குளம் முழுக்கப் பரவியது. விரால் மீன் தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

தன் சுகத்தை இழந்து, வந்த பழியையும் பொறுத்துக்கொண்டு, எளியவர்களுக்காகத் தன்னையே கொடுப்பதுதான் கிறிஸ்துவுக்குச் செய்யும் ஊழியம்.