கரடியாரின் பித்தளைப் பூட்டு

வழியெல்லாம் வேலமுள் கொட்டிக் கிடக்கும் ஒரு காட்டில், முள்ளம்பன்றி அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைத்துவந்தாள். பஞ்சர் ஆகாத வாரமே கிடையாது. அதனால் வேனுக்கு அடியில் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயர்தான் அவளுக்கு உயிர்.

அந்த டயரை மரநாய் ஒருநாள் திருடிவிட்டது.

அன்றைக்கென்று பாதி வழியில் பஞ்சர். பரீட்சைக்குக் கிளம்பிய குட்டிகள் நடந்தே போய், மணி அடித்த பிறகு வாசலில் நின்றன.

தலைமையாசிரியை மான் அம்மா கறாராகச் சொன்னாள்: "திங்கட்கிழமையிலிருந்து பாதிப் பிள்ளைகள் கரடியார் ஜீப்பில் வரட்டும். இன்னொரு முறை நீங்கள் தாமதித்தால் மீதிப் பேரும் அதில்தான்."

அக்கா புது டயரோடு ஒரு சின்னப் பூட்டும் சங்கிலியும் வாங்கினாள். வேனுக்கு அடியில் படுத்துப் புரண்டு, டயரின் நடு ஓட்டைக்குள் சங்கிலியை விட்டு, வண்டியின் இரும்புச் சட்டத்தையும் சேர்த்துச் சுற்றிப் பூட்டினாள். முதுகெல்லாம் கிரீஸ்.

கரடியாரும் தன் ஸ்டெப்னிக்குப் பூட்டு வாங்கினார். ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு மண்ணில் படுப்பாரா? எட்டிய மட்டும் கையை விட்டு, டயரை மட்டும் சங்கிலியால் சுற்றினார். தேங்காய் அளவு பித்தளைப் பூட்டை நாலு பேருக்குத் தெரியும்படி தொங்கவிட்டார்.

"என்னக்கா, மூக்குத்தித் திருகாணி மாதிரி ஒரு பூட்டு?"

"அது இருக்கட்டும் அண்ணே. உங்கள் சங்கிலி வண்டியைத் தொடவே இல்லையே?"

"என் பூட்டைப் பார்த்தாலே திருடன் ஓடிவிடுவான்."

"ஓடத்தான் போகிறான். எதைத் தூக்கிக்கொண்டு என்பதுதான் கேள்வி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காடே சாப்பிட்டுக் குறட்டை விட்டது. மரநாய் வேனுக்கு அடியில் புகுந்தது. சங்கிலியை இழுத்தது, கடித்தது. ஒரு பல் போனதுதான் மிச்சம்.

பிறகு ஜீப்புக்கு அடியில் புகுந்து போல்ட்டைக் கழற்றியது. டயர் பொத்தென்று விழுந்தது, சங்கிலியும் பூட்டுமாக.

"அடடே, பூட்டு வேறு இனாமா" என்று உருட்டிக்கொண்டு போனது.

மறுநாள் காலை கரடியார் கண்ணாடி பார்த்துத் தலை வாரினார். வண்டியின் பின்பக்கம் பார்க்கவில்லை.

மேட்டுப் பாதையில் வேன் முதலில் பஞ்சர். பின்னாலேயே ஜீப்பும்.

அக்கா பூட்டைத் திறந்து, டயரை மாற்றி, கையைத் துடைத்துக்கொண்டாள். கரடியார் மட்டும் ஜீப்புக்கு அடியில் காற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்கள் பெரிய பூட்டு எங்கே?" என்று கேட்டது முயல்குட்டி.

கரடியார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "சாவி பத்திரமாகத்தான் இருக்கிறது."

"வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றாள் அக்கா. "ஜீப்பில் இருக்கும் பிள்ளைகளும் இங்கே ஏறுங்கள். என் முதுகில் மட்டும் சாயாதீர்கள்."

மணி அடிப்பதற்கு முன்னால் வேன் பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஒரு ஹாரன் போதும். அக்கா மூன்று அடித்தாள்.

வாசலில் நின்ற மான் அம்மா அருகே வந்தாள். "இனி எல்லாப் பிள்ளைகளும் உங்கள் வேனில்தான் அக்கா."

"தெரியும்" என்றாள் முள்ளம்பன்றி அக்கா.

நீதி: பூட்டு எவ்வளவு பெரியது என்று பார்க்காதே, எதை எதோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறது என்று பார்.