சுவரில் நிற்காத படம்

தவமணி அம்மா பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. தன் மடத்தில் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் எழுந்து போய்விடுவார். வயதில் அவரைவிட மூத்த சீடர் வேலாயுதம் அன்று நேராகவே கேட்டார்.

"மகனுக்குக் காரியமெல்லாம் முடிச்சாச்சு. ஆனா அவன் படம் சுவர்ல நிக்க மாட்டேங்குது. மாட்ட மாட்ட விழுது. அவன் ஆத்மா இன்னும் அடங்கலையாம்மா?"

"உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"செத்தவங்க படம்தான் சுவர்ல நிக்கும், என் பிள்ளை வந்துருவான்ங்கறா. அவனுக்குத் தட்டு வச்சுட்டு உட்கார்ந்திருக்கா. அவன் வராம ஒரு பருக்கை வாயில வைக்க மாட்டேங்கறா. துரும்பா இளைச்சுட்டா."

அம்மா அவருடன் கிளம்பிப் போனார்.

கூடத்துச் சுவரில் நகத்தளவு ஆழத்துக்குத்தான் ஓட்டைகள் இருந்தன. கீழே கிடந்த ஸ்க்ரூவை அம்மா எடுத்துப் பார்த்தார். சுவிட்ச் பெட்டிக்குப் போடுகிற குட்டி ஸ்க்ரூ. ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் பிளக்கும் வைக்காமல் வெறும் பூச்சில் திருகியிருந்தது. படத்துக்கோ கனமான தேக்குச் சட்டம்.

"நீங்க என்ன தொழில் பார்த்தீங்க?"

"தச்சு வேலைம்மா. இந்தத் தெருவுல பாதி வீட்டு அலமாரி நான் மாட்டினதுதான்."

"அதுல ஒண்ணாவது விழுந்திருக்கா?"

வேலாயுதம் தரையில் கிடந்த படத்தை எடுத்துத் துடைத்தார்.

"இது விழும்போதெல்லாம் அவ சிரிக்கிறாம்மா," என்றார்.

பாவம், மனுஷன். அந்தச் சிரிப்புக்காக, இதைச் சொல்கிற நானாக இருந்தாலும் விழும்படிதான் மாட்டியிருப்பேன்.

"டிரில்லை எடுங்க."

"உள்ள படுத்திருக்கா. சத்தம் கேட்டா எழுந்து வந்துருவா."

"வரட்டும்."

டிரில் பூச்சைத் தாண்டி இறங்கியது. வெள்ளைத் தூள் நின்று செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. வேலாயுதம் பிளக்கைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினார். நீளமான ஸ்க்ரூவை எடுத்து, இனித் திருக முடியாது என்கிற வரைக்கும் திருகினார். படத்தை மாட்டினார்.

அவர் மனைவி பவளக்கொடி அறைக்குள்ளிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. சட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அது அசையவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள்.

பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"இது எப்ப விழும்?"

தவமணி அம்மா அவள் விரல்களைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"விழாதும்மா."