எச்சரித்து அனுப்புதல்

கரட்டுச் சாமி அதிகம் பேசமாட்டார். கேள்வியோடு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வேலை கொடுப்பார். வேலை முடிவதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மிச்சம் நின்றவர்கள்தான் சீடர்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் இளவழகன் மிச்சம் நின்றவன். கல்லூரிக் காலத்திலிருந்தே அந்த மடத்துக்கு வருகிறவன்.

அன்றைக்குச் சாமியே ஆள் அனுப்பி வரச் சொன்னார். உடுப்பு மாற்ற நேரமில்லை. ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டுக் கரட்டுக் குன்றில் ஏறினான். மடத்து வாசலில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் வேடியப்பன் காலையிலிருந்து ஸ்டேஷனில் இருக்கிறான். எதற்கு அழைத்தார் என்பது அப்போதே புரிந்துவிட்டது.

"பஞ்சாயத்துக் கிணத்து மோட்டார் களவு போச்சு சாமி" என்றான்.

"இவன் எடுத்தானா?"

"சந்தேகந்தான்."

"எதை வச்சு?"

"ஜீப்பைப் பார்த்ததும் ஓடினான்."

"மோட்டாரைத் தூக்கிக்கிட்டா?"

"இல்ல. கையில மார்க் ஷீட்டுப் பை."

பூங்காவனம் எழுந்துகொண்டாள். "ஐ.டி.ஐ.ல சீட்டு கிடைச்சிருக்கு சாமி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தர்மபுரியில போய்ச் சேரணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். கேசும் எழுதிட்டாங்கன்னா அப்புறம் எவன் சேர்ப்பான் எம் புள்ளைய?"

இளவழகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் ஏட்டு தணிகாசலம் சொன்னது காதிலேயே இருந்தது. "பாறைக் காலனிப் பையன் சார். இவன் அப்பனையும் நான்தான் இட்டாந்தேன். எது காணாமப் போனாலும் முதல்ல அங்க போயிடறதுதான் இங்க வழக்கம்." அப்பன் மேல் கேஸ் நின்றதா என்று கேட்டான். "அது நிக்கல சார்" என்றார் ஏட்டு, அது ஒரு விஷயமா என்பதுபோல.

"நான் ஒண்ணும் அடிக்கிற ஆளில்ல சாமி. அவன் மேல கையே வைக்கல. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. தப்பு செய்யாதவன் எதுக்கு ஓடணும்?"

சாமி மூலையில் இருந்த வாளியைக் காட்டினார். "சாம்பார். போய் ஊத்து."

"உடுப்போடயா?"

"அதோடதான்."

மடத்தில் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. மண்டபத்தில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் கடைத்தெரு, அந்தப் பக்கம் பாறைக் காலனி. கலந்து உட்காருங்கடா என்று சாமி வருஷக்கணக்காகத் திட்டியும் நடக்கவில்லை.

இளவழகன் கடைத்தெருப் பக்கம் ஆரம்பித்தான். ஒரே கும்மாளம்.

"போலீஸ் மாமா, துப்பாக்கி எங்க?"

"தொப்பியைக் குடுங்க மாமா, போட்டுப் பார்க்கிறேன்!"

"இவனைப் பிடிச்சு உள்ள போடுங்க மாமா, என் அப்பளத்தை எடுத்துட்டான்!"

எடுத்தவன் அப்பளத்தை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு, "சாட்சி இருக்கா?" என்றான். இளவழகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அந்தப் பக்கம் திரும்பினான்.

முதல் இலையில் ஆள் இல்லை. சோறு இருந்தது. அடுத்த இலையும் அப்படித்தான். பெரிய பையன்கள் சத்தமில்லாமல் எழுந்து, சின்னதுகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கத்தல் இல்லை, அழுகை இல்லை. பழகிய வேலை மாதிரி இருந்தது.

ஒரு பொடியன் மட்டும் பின்தங்கிவிட்டான். மூன்று வயசு இருக்கும். அரைஞாண் கயிறும் கிழிந்த பனியனும். கை நிறையச் சோற்றை அள்ளிக்கொண்டு, தத்தித் தத்தி ஓடித் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். மறைந்தது தலை மட்டும்தான். தொப்பை வெளியே தெரிந்தது.

"ஓடுறான் பாரு, பிடி" என்றார் சாமி.

"சாமி..."

"ஓடினவனைப் பிடிக்கிறதுதானே உன் வேலை? கொண்டுபோய் விசாரி. இவன் என்னத்தத் திருடினான்னு எனக்கும் தெரியணும்."

இளவழகன் வாளியைக் கீழே வைத்தான். செல்போனை எடுத்தான்.

"ஏட்டய்யா, அந்தப் பையன் மேல எழுதிட்டீங்களா?"

"எங்க சார்! பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வர ஆள் போயிருக்கான்."

இளவழகன் பெருமூச்சு விட்டான். பூங்காவனம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத வேணாம். பையைக் கையில குடுத்து விட்டுடுங்க."

பூங்காவனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

"சரி சார். எச்சரிச்சு அனுப்பிடறேன்" என்றார் ஏட்டு.

"ஆமா, எச்சரிச்சே அனுப்புங்க."

"என்னன்னு?" என்று கேட்டார் சாமி.

இளவழகன் போனைக் கையால் மூடிக்கொண்டான். "இல்ல சாமி, வழக்கமா சொல்றதுதான். இனிமே இந்த மாதிரி..."

"எந்த மாதிரி?"

யோசித்தான். "போலீசைக் கண்டா ஓடக்கூடாதுன்னு..."

"அப்ப இங்கேயே ஆரம்பி" என்றார் சாமி, தூணைக் காட்டி.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. இளவழகன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போனைத் திரும்பவும் காதில் வைத்தான்.

"ஏட்டய்யா, எச்சரிக்கையெல்லாம் வேணாம். சும்மா அனுப்புங்க."

"சும்மாவா?" ஏட்டு திகைத்துப்போனார். "சும்மா எப்படி சார் அனுப்புறது? இத்தனை வருஷத்துல நான் அப்படி அனுப்பினதே இல்லியே. ஏதாவது ஒண்ணு சொல்லித்தானே சார் அனுப்பணும்?"

இளவழகன் சாமியைப் பார்த்தான். "என்ன சொல்லி அனுப்பணும்னு கேக்கிறார் சாமி."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புப்பான்னு சொல்லச் சொல்லு" என்றார் சாமி.