அறுபடாத சிவப்பு வளையம்

நாடு சிறியதாகவும் அரசனின் அவசரம் பெரியதாகவும் இருந்த காலத்துக் கதை இது. கொட்டாவி விடுகிறவர்கள் பின்வரிசைக்குப் போகலாம், மற்றவர்கள் கேளுங்கள்.

கொற்றங்குடி என்றொரு நாடு. அந்த நாட்டுத் தேரோட்டிகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுத் தேரின் சக்கரத்தில் மெல்லிய சிவப்பு வளையம் வரைந்திருக்க வேண்டும். தூரிகையை ஒரே ஒரு முறை தோய்த்து, இடையில் எடுக்காமல், ஒட்டுப் போடாமல் வரைய வேண்டும். வளையம் அறுந்தால் பயணமும் அறுந்துபோகும் என்று தேரில் கால் வைக்க மாட்டார்கள். அரசனே கெஞ்சினாலும் மாட்டார்கள்.

அரசன் தன் மகளின் திருமணத்துக்குப் பெரிய தேர் ஒன்று செய்யச் சொன்னான். செய்தவன் எழினி என்ற தச்சன். வண்ணம் தீட்ட வேண்டியவள் அவன் மனைவி வல்லி. சக்கரம் ஆள் உயரம் இருந்தது. அவ்வளவு பெரிய வளையத்தை அதுவரை யாரும் வரைந்ததில்லை.

“நாளைப் பொழுது சாய்வதற்குள் வளையம் விழ வேண்டும். இல்லாவிட்டால் தேர்க்கொட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்” என்றான் அரசன். அந்தக் கொட்டில்தான் இருவருக்கும் பிழைப்பு, அதுதான் வீடும்.

எழினி சக்கரத்தை அச்சில் ஏற்றி மெல்லச் சுற்றுவான். வல்லி தூரிகையை அசையாமல் பிடித்திருப்பாள். ஒரு சுற்று முடிந்தால் வளையம் விழுந்துவிடும். வல்லிக்குக் கை நடுங்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மறுநாள் முதலில் தாழை விழுதை நசுக்கிச் செய்த தூரிகையை எடுத்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அதைவிட நல்லது கிடையாது. சக்கரத்திலோ விரல் தடிமனுக்கு அப்பிக்கொண்டு, கால் சுற்றில் கோடு அறுந்தது. துடைத்தார்கள்.

அடுத்துப் பன்றிமுடித் தூரிகை. விறைத்த முடி மரத்தைக் கீறிக்கொண்டே போயிற்று. வண்ணம் தீர்ந்து, அரைச் சுற்றில் கோடு அறுந்தது. துடைத்தார்கள்.

மூன்றாவதாக, தங்கள் கன்றுக்குட்டியின் ஒரு காதிலிருந்து வெட்டிய முடி. மெத்தென்று நீளமாக இருந்தது; வண்ணத்தை நன்றாகக் குடித்தது. வல்லி சும்மா இருந்தாளா? தூரிகை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமென்று நுனியைக் கத்தியால் சீராக நறுக்கினாள். முக்கால் சுற்றில் கோடு இரண்டாகப் பிளந்து அறுந்தது.

“போச்சுங்க, நம்ம கொட்டில் போச்சு!” என்று வல்லி அழுதுவிட்டாள்.

“அழாத புள்ள. உன் கையில குத்தமில்ல. தூரிகையிலதான் எங்கயோ குத்தம்” என்றான் எழினி.

பொழுது மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. வெளியே தூறல். நனைந்த கன்று உள்ளே வந்து நின்றது. முடி நறுக்கப்படாத காதில் ஈரமெல்லாம் நுனியில் திரண்டு, ஒரே கூராகி, சொட்டுச் சொட்டாக விழுந்தது. வல்லி அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள்.

“கெடுத்தது நாந்தாங்க! நுனிய வெட்டுனதுதான் தப்பு. அது தானாவே கூராகுதே!”

அந்தக் காதின் முடியை வேர்ப்பக்கமாக வெட்டி, நுனியைத் தொடாமல் கட்டினாள். தூரிகை கலைந்த குடுமி மாதிரி இருந்தது. எழினி சிரித்தான். வண்ணத்தில் தோய்த்ததும் அது ஊசிபோல் குவிந்தது. அவன் சிரிப்பு நின்றது.

துடைத்த சக்கரம் மறுபடி சுற்றியது. கால் சுற்று, கோடு நின்றது. அரைச் சுற்று, கோடு நின்றது. முக்கால் சுற்றில் எழினி மூச்சையே விடவில்லை. கோடு தொடங்கிய இடத்தைப் போய்த் தொட்டது! அதே மாதிரி எல்லாச் சக்கரங்களுக்கும் வளையம் விழுந்தது.

அரசன் வந்தபோது தூறல் விட்டிருந்தது, வெயில் இன்னும் மிச்சமிருந்தது. தேரோட்டிகள் ஒட்டைத் தேடினார்கள். குனிந்து தேடினார்கள், சுற்றிச் சுற்றித் தேடினார்கள். கிடைக்கவில்லை. மூத்த தேரோட்டி ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. “கொட்டில் இனி என்றைக்கும் உங்களுடையது” என்றான் அரசன். வல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிவப்புப் படிந்த கையோடு புருஷனைக் கட்டிக்கொண்டாள்.

கருவியைக் கண்ணுக்கு அழகாகத் திருத்துவதைவிட, வேலைக்கு ஏற்றதைத் தேர்ந்து அதன் இயல்பைக் கெடுக்காமல் விடுவதே கெட்டிக்காரத்தனம்.