அந்தரத்தில் நின்ற கார்டு

கொத்தவரங்காய் ஒடித்துக்கொண்டே எஸ்கலின் கேட்டாள்.

"டீச்சர், இந்த ஒரு கார்டு மட்டும் ஏன் எனக்கு வரமாட்டேங்குது?"

உகுலேலே கம்பியை அழுத்தி அழுத்தி அவள் விரல்நுனி காய்த்துப்போயிருந்தது. காய் ஒடிவதுகூடத் தெரியவில்லை.

ஷீபா டீச்சர் அவளைவிட நாலு வயது இளையவள். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு உகுலேலே சொல்லிக்கொடுப்பவள். குட்டி கிடார்போல நாலே கம்பி, கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொள்ளலாம். கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டினால் சில சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும், அதுதான் கார்டு.

எஸ்கலினுக்கு மேடை ஏறும் ஆசையெல்லாம் இல்லை. மகன் ஆன்டோவுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பாடிக் காட்டுங்கள் என்றார் டாக்டர். நாக்கை வயிற்றிலேயே விட்டுட்டு வந்துட்டானோ என்றாள் மாமியார். எஸ்கலின் தானே ஒரு தாலாட்டு கட்டினாள். அது முடிகிற இடத்துக்கு ஒரு படி முன்னால்தான் இந்த ஆக்மென்டட் கார்டு.

"வாசிங்க அக்கா."

கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஜி கார்டைப் பிடித்தாள். ஒரு விரலை மட்டும் கழுத்துப் பலகையில் ஒரு கட்டம் மேலே தள்ளி மீட்டினாள்.

ஒலி இறங்க இடம் தெரியாமல் நின்றது.

மறுநொடி அவள் விரல் கடைசிக் கார்டான சி-க்கு ஓடிவிட்டது. பாட்டு முடிந்தது.

"சரியாத்தான் பிடிக்கிறீங்க. ஏன் ஓடுறீங்க?"

"பயமா இருக்கு டீச்சர். யாரோ வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, கூப்பிடாம இருக்கிற மாதிரி."

உள்ளறையில் டம்ளர் தரையில் உரசியது. எஸ்கலின் எழுந்து ஓடினாள். கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் ஆன்டோ. தண்ணீர் வேண்டுமென்றால் எப்போதும் அப்படித்தான். அவன் திரும்புவதற்குள் டம்ளரில் தண்ணீரை நிறைத்துவிட்டாள்.

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உகுலேலேயை வாங்கி அதே கார்டை மீட்டினாள். விரல்களைக் குலைக்காமல் நாலு கட்டம் மேலே ஏற்றி மீட்டினாள். இன்னும் நாலு கட்டம். எங்கே போனாலும் அதே ஒலிதான், ஒவ்வொரு தடவையும் இன்னும் உயரத்திலிருந்து.

"இதுக்கு வீடுதான் எது டீச்சர்?"

டீச்சர் உகுலேலேயை அவள் மடியில் வைத்தாள்.

"மீட்டிட்டு, சும்மா இருங்க."

மீட்டினாள். விரல் சி-க்குத் துடித்தது. டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கவில்லை. விடவும் இல்லை.

ஒலி தேய்ந்தது. ஆனாலும் போகவில்லை. பட்டப்பகல். மின்விசிறி சுற்றுகிறது, அதன் சத்தம் கேட்கவில்லை. எஸ்கலினுக்குப் பிடரி சிலிர்த்தது.

"இன்னொரு தடவை."

மீட்டினாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து யாரோ முனகும் சத்தம். பாட்டின் கடைசிச் சுரம், நூல்போல. அந்த வீட்டில் யாருக்கும் இல்லாத குரல்.

மாமியார் சந்தைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

டம்ளர் உரசியது.

டீச்சரின் கை அப்படியே இருந்தது.

மறுபடியும் உரசியது.

"கையை விடுங்க டீச்சர், அவனுக்குத் தண்ணி மட்டும் குடுத்துட்டு..."

"அம்மா."