நர்சக்காவின் வலது கால்

குரு என்றதும் வெள்ளைத் தாடியையும் ஆலமரத்தடியையும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். இந்தக் குருவுக்கு முப்பத்தொரு வயது, நகமெல்லாம் கிரீஸ். பெயர் சுபின். குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், வண்டி ஓட்டவும் சொல்லிக்கொடுப்பார். அதனால் ஊருக்கு அவர் ஆசான்.

சிஷ்யைக்கு நாற்பத்தெட்டு வயது. கிராம நர்ஸ் லில்லி புஷ்பம்.

"பஸ் போகாத ஊருக்கு நான் நடந்தே சாகணுமா?" என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றவர். ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டார். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பைக்கில் மலையேறும் ஒரே நர்ஸ் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

போன ஆடியில் விழுந்தார்.

மலைக்குப் போகும் வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சப்பாத்து உண்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது, தண்ணீர் மேலேயே வழிந்து ஓடும் தாழ்ந்த பாலம். மழைக்காலத்தில் முழுக்கப் பாசி. பாதி தூரத்தில் பயந்துபோய் வலது காலால் பிரேக்கை ஒரே மிதி மிதித்தார். வண்டி ஒரு பக்கம், நர்சக்கா ஒரு பக்கம், பெட்டி ஓடையில். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் சப்பாத்தைக் கண்டால் வண்டி நின்றுவிடும். நடந்து தள்ளிக்கொண்டு போகக்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மூன்று புதன்கிழமை தாய்மார்கள் தடுப்பூசிக்காகப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு கிலோமீட்டர் இறங்கி வந்தார்கள். நாலாவது புதன் பாதிப் பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

மேலதிகாரி கூப்பிட்டார். திட்டவில்லை. "முடியலைன்னா சொல்லுங்க சிஸ்டர். டவுன்ல ரெஜிஸ்டர் எழுதுற வேலை இருக்கு. அடுத்த வாரத்துலேர்ந்து மலைக்கு வேற ஆளைப் போட்டுடறேன்" என்றார் தன்மையாக. அந்தத் தன்மையைத்தான் லில்லியால் தாங்க முடியவில்லை. நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"ஆசானே, பயம் எப்பம் போவும்?"

ஆசான் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"வண்டியை எடுங்கக்கா. சப்பாத்து வரைக்கும் போவோம். நான் பின்னால வாறேன்."

திங்கள்கிழமை போனார்கள். சப்பாத்து வந்தது, லில்லி நின்றார். ஆசான் பேசாமல் வண்டியைத் திருப்பினார். செவ்வாய்க்கிழமையும் அதே கதை.

லில்லிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏதாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா? இப்பிடி வாயை மூடிக்கிட்டே மனுசிய கொல்லுதீங்களே!"

"நாளைக்கு நான் முன்னால போறேன்" என்றார் ஆசான்.

புதன்கிழமை காலை. ஐஸ் வைத்த பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லில்லி கிளம்பினார். முன்னால் ஆசான்.

ஒர்க்‌ஷாப்பைத் தாண்டியதுமே ஆசான் வண்டியின் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. நிற்கப்போகிறார் என்று லில்லியும் பிரேக் போட்டார். ஆசான் நிற்கவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. நேர் ரோட்டில் எரிந்தது. மேட்டில் ஏறும்போதும் எரிந்தது. மேட்டில் ஏறும்போது யாராவது பிரேக்கை மிதிப்பார்களா?

"ஆசானே! காலை எடுங்க! காலை!"

காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

இந்த மனுஷன் நிற்கிறாரா, போகிறாரா, திரும்புகிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் லில்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வேகத்தில் போனால் மேலே போய்ச் சேருவதற்குள் ஐஸ் உருகிவிடும். ரப்பர் தோட்டத்து நேர் ரோடு வந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஹாரனை அமுக்கிக்கொண்டே வலது பக்கமாக ஏறி, ஆசானை முந்திக்கொண்டு போனார்.

"ஆசானாம் ஆசான்! கால வைக்கத் தெரியல, ஊருக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டாரு!"

நல்லவேளை, அதுவும் ஆசான் காதில் விழவில்லை.

திட்டிக்கொண்டே போனவர் சப்பாத்தைப் பார்த்தபோது முன்சக்கரம் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஓடை. அடியில் பாசி. ஐயோ மாதாவே! வலது கால் தன்பாட்டுக்குப் பிரேக்கைத் தேடிப் போனது.

கண்ணாடியில் ஆசான் தெரிந்தார், பத்தடி பின்னால்.

அப்போதுதான் லில்லிக்கு உறைத்தது. இத்தனை நேரம் தான் வாய்க்கு வந்தபடி திட்டியது ஆசானுடைய காலை அல்ல, பிரேக்கை விட்டு எடுக்காத தன்னுடைய காலை. இரண்டு நாளாகப் பின்னால் வந்த மனுஷன் பார்த்துக்கொண்டு வந்தது எதை என்று புரிந்தது.

காலை எடுத்தார். ஃபுட்ரெஸ்டில் அழுத்தி வைத்தார். ஆக்ஸிலேட்டர் பிடியைச் சீராகப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் முழங்கால்வரை தெறித்தது. வண்டி ஒரு தடவை லேசாக வழுக்கியது. கால் அசையவில்லை. அக்கரை ஏறியதும் அவர் போட்ட சத்தத்தில் தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலே பைக் சத்தம் கேட்டதுமே பெண்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

"நர்சக்கா வண்டியிலே வந்துட்டா!"

லில்லி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார், எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பிறகு இறங்கிப் பெட்டியைத் திறந்தார். ஐஸ் அப்படியே இருந்தது. பத்தொன்பது பிள்ளைகள், பத்தொன்பது அழுகை. ஆசான் ஒரு ஓரமாக உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து பெட்டியைக் கட்டும்போது லில்லி அவர் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆசானே, உள்ளதைச் சொல்லிடுதேன். இவங்க எல்லாம் என்னமோ நெனச்சிட்டு நிக்காங்க. எனக்குப் பயம் போவல. சப்பாத்துல உசிரு கையில வந்துட்டு. இப்பம் திரும்பிப் போவணுமேன்னு நெனச்சாலே சாவியப் போட மனசு வரல."

பெட்டிக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

ஆசான் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"பயம் போச்சான்னு நான் பாக்கவே இல்லக்கா. சப்பாத்துல உங்க பின்னாலதான் வந்தேன். இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் உங்க வண்டியில செவப்பு எரியல."