கொட்டகைக்குப் போன சாமி

ஆவுடையப்பன் நெய்த் தூக்குவாளியோடு கோயில் வாசலில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. பின்னே என்ன? நன்றி சொல்ல வந்த இடத்தில் சாமியைக் காணோம்.

ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம். பிராகாரமெல்லாம் மணலும் ஜல்லியும். கோயிலைப் பழுது பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது சாமியின் சக்தியைக் குடத்து நீரில் வாங்கி, அத்திப் பலகையில் எழுதிய படத்தில் இறக்கி, வெளியே ஒரு கொட்டகையில் வைத்துவிடுவார்கள். பாலாலயம் என்று பெயர். குடமுழுக்கு வரை பூசையெல்லாம் அந்தப் பலகைக்குத்தான்.

செண்பகத்தம்மையும் கோயில் வாசலில்தான் இருந்தார். ஆற்றங்கரை மடத்தில் பாடம் சொல்கிறவர். வயது நாற்பதுகூட இல்லை. அறுபதைத் தாண்டிய ஆவுடையப்பன் அவருக்குச் சீடர். ஆனாலும் குரு சீடரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவி கோமுவை மதினி என்றும்தான் கூப்பிடுவார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படி இருக்கு? மதினி நல்லாருக்காகல்லா?"

"நல்லாருக்கா தாயி. நேத்து எந்திரிச்சு உக்காந்து ரசஞ்சோறு சாப்பிட்டா. ஆபரேசன் அன்னைக்கு இந்தச் சாமிகிட்டதான் வேண்டிக்கிட்டேன். அவ பொழச்சா கருவறைக்கு நேர நின்னு நெய்விளக்கு ஏத்துதேன்னு. இங்க வந்தா இப்படிக் கெடக்கு."

"கொட்டகையில ஏத்துங்களேன்."

"தகரத்துக்குக் கீழ, பலகைக்கு முன்னாலயா?" தூக்கைச் சுவரோரம் இறக்கி வைத்தார். "சின்னப் பிள்ளையில இருந்து நான் பாத்த சாமி உள்ளல்லா இருக்கு. சொல்ல வேண்டியது தொண்டையிலயே நிக்கி தாயி."

குரு அங்கே இருந்த வாளியையும் தேங்காய் நாரையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"உள்ள சுவரு தேய்க்க ஆள் வேணும்னு மேஸ்திரி கேட்டாரு. வாங்க."

இருவரும் கோபுரத்தைக் கடந்தார்கள். கொடிமரம், பலிபீடம், நந்தி. பிறகு பெரிய மண்டபம், அதற்குள் சின்ன மண்டபம்.

"போகப் போக என்ன ஆகுது அண்ணாச்சி?"

"கூரை தாழுது. வாசல் சின்னதாகுது. வெளிச்சமும் கொறையுது."

"வெளிய கோபுரத்தை ஊருக்கே தெரியுத மாதிரி கட்டினவங்க, உள்ள ஏன் இப்படிக் கட்டினாங்க?"

"தெரியல தாயி."

"சரி, நடங்க."

கருவறைப் படி வந்தது. ஆவுடையப்பனின் கால் தானாக நின்றுவிட்டது. ஆயுசு முழுக்க இந்தப் படிக்கு இப்பால்தான் நின்றிருக்கிறார்.

"நான் உள்ள போகலாமா?"

"இப்போ போகலாம். குடமுழுக்கு ஆயிட்டா முடியாது."

குனிந்து நுழைந்தார். அடேயப்பா, இவ்வளவு சின்ன இடமா! அவர் வீட்டு நெல் அறை அளவுதான் இருந்தது. சன்னல் கிடையாது. லிங்கத்தைச் சாக்கும் வைக்கோலும் சுற்றி மூடியிருந்தார்கள். சுவரெல்லாம் விரல் வைத்தால் ஒட்டுகிற கருப்பு.

"இது என்ன இவ்வளவு அழுக்கு?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"உங்களை மாதிரி நன்றி சொல்ல வந்தவங்க கொடுத்த எண்ணெயும் நெய்யும் எரிஞ்ச புகை."

"அய்யய்யோ, அதையா நான் தேய்ச்சு எடுக்கணும்?"

"அடுத்து வாரவங்களுக்கு எடம் வேணும்லா?"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாவி மனுஷர் சிரித்தே மாசக்கணக்காகிறது. வேட்டியை வரிந்து கட்டினார். நாரை நனைத்துத் தேய்த்தார். கருப்பு கரைந்து வழிய, அடியில் கல் வெளுப்பாகத் தெரிந்தது. எந்தக் காலத்துச் சிற்பியின் உளியோ, சின்னச் சின்னத் தடமாக விரலில் பட்டது. தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் கொட்டியது. துடைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் கரி.

வெயில் சாய்ந்தபோது வெளியே வந்தார்.

"தாயி, மனசு லேசாத்தான் இருக்கு. ஆனா சாமி உள்ள இல்லியே. ஆளில்லாத எடத்தைத் தேய்ச்சுட்டு வந்திருக்கேன். என் நன்றி போய்ச் சேந்துச்சா, சேரலியா?"

"மதினியும் நீங்களும் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ உங்க வீட்டை யாரு பாத்துக்கிட்டா?"

"எதுத்த வீட்டு பிச்சம்மா. நாங்க யாரும் சொல்லல. திரும்பி வந்து பாத்தா வீடு கழுவியிருக்கு, தண்ணி பிடிச்சு வச்சிருக்கு, வாசல்ல கோலம். கோமு அதைப் பாத்து அழுதுட்டா."

"பிச்சம்மாவை இப்போ யாருன்னு சொல்லுவீக?"

"யாருன்னா... எங்க வீட்டு மனுஷிதான் தாயி. வேற என்ன?"

சொன்னவர் கரி பிடித்த தன் இரண்டு கையையும் பார்த்தார்.

குரு நெய்த் தூக்கை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"வாங்க அண்ணாச்சி. வீட்டுக்காரர் கொட்டகையில இருக்காரு. வீட்டைக் கழுவியாச்சுன்னு சொல்லிட்டு வருவோம்."